23, 25, 27.5, 40: உடல் எடைக் கோடுகளை யார், எதற்காகப் போடுகிறார்கள்?

தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு உடல் பருமன் என்று ஒரு செய்தி வருகிறது. அதே கணக்கெடுப்பை வைத்து, அவர்களுக்கு இருப்பது பருமன் இல்லை, ‘அதிக எடை’ என்கிறது இன்னொரு செய்தி. மருத்துவரிடம் போனால் எடை–உயரக் கணக்கான பிஎம்ஐ 23-ஐத் தாண்டியதுமே கவனமாக இருக்கச் சொல்கிறார். காப்பீட்டு நிறுவனமோ, கடுமையான வேறு நோய் இல்லையென்றால், 40 இருந்தால்தான் பருமனுக்கான அறுவை சிகிச்சைக்குப் பணம் தர முடியும் என்கிறது.

இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒரே எண்ணை ஆளுக்கொரு வேலைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்த வேலைக்கு எந்தக் கோடு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் செய்தி மட்டும் குழம்புவதில்லை. சத்துணவு யாருக்குப் போகிறது, மாத்திரை எத்தனை, வரி எதன் மீது என்பவையும் சேர்ந்து தடம் மாறுகின்றன.

பிஎம்ஐ: எண்ணின் பிறப்பு

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பிஎம்ஐ. 160 செ.மீ. உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவருக்கு 64 ÷ (1.6 × 1.6) = 25.

இந்தக் கணக்கை 1830களில் முன்வைத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் அல்லர். வானியலும் புள்ளியியலும் அவருடைய துறைகள். மக்கள்தொகையின் ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்பதே அவருடைய தேடல்; யாருக்கு நோய் வரும் என்பது அவர் கேள்வியாகவே இல்லை. 1972-ல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும், பெரிய ஆய்வுகளில் கொழுப்பை நேரடியாக அளக்க வழியில்லாதபோது எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் கணக்குகளில் இதுவே மேல் என்று காட்டி, இன்று வழங்கும் பெயரையும் வைத்தார்கள்.

பிறப்பிலேயே இது கூட்டத்துக்கான எண். ஒரு மாவட்டத்தின் சராசரி பிஎம்ஐ பத்தாண்டில் 21-லிருந்து 23-க்கு நகர்ந்தால் அங்கே நீரிழிவும் ரத்த அழுத்தமும் கூடும் என்று தைரியமாகச் சொல்லலாம். அந்த மாவட்டத்தில் 23 உள்ள ஒருவரைக் கைகாட்டி, இவருக்கு இந்த நோய் வரும் என்று சொல்ல முடியாது. எடைக் கருவிக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். கொழுப்பு தொடையில் இருக்கிறதா, கல்லீரலைச் சுற்றி இருக்கிறதா என்பதும் அதற்குத் தெரியாது.

160 செ.மீ. உயரத்தில் எட்டுக் கோடுகள்

ஒரே உயரத்தை எடுத்துக்கொண்டு, நடைமுறையில் உள்ள கோடுகளைக் கிலோவாக மாற்றினால் விஷயம் சட்டென்று விளங்கும்.

1. 47.4 கிலோ (பிஎம்ஐ 18.5): இதற்குக் கீழே எடைக்குறைவு. உலக சுகாதார நிறுவனமும் இந்திய அரசுத் திட்டங்களும் ஏற்கும் கோடு.
2. 58.9 கிலோ (23): இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-ல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையில் அதிக எடை இங்கே தொடங்குகிறது.
3. 64 கிலோ (25): உலக சுகாதார நிறுவனத்துக்கு இது ‘அதிக எடை’யின் தொடக்கம். அதே இந்திய அறிக்கைக்கு இது ‘பருமன்’. தேசிய குடும்ப நல ஆய்வு, இதற்கு மேல் உள்ள எல்லோரையும் ‘அதிக எடை அல்லது பருமன்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. 40.4 சதவீதச் செய்திகள் முட்டிக்கொள்வது இங்கேதான்.
4. 69.1 கிலோ (27): எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகளில் ஒன்றான செமாக்ளூடைடுக்கு, உடன் வேறு நோயும் இருந்தால் கீழ்வரம்பு.
5. 70.4 கிலோ (27.5): ஆசிய மக்களுக்கு ஆபத்து மிகும் இடம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது.
6. 76.8 கிலோ (30): உலக அளவில் பருமன்.
7. 89.6 கிலோ (35): கடுமையான இணைநோய் இருந்தால் இந்தியக் காப்பீட்டு விதிகளின்படி பருமன் அறுவை சிகிச்சைக்குத் தகுதி.
8. 102.4 கிலோ (40): இணைநோய் இல்லாவிட்டாலும் தகுதி.

கோடு நகர்ந்தால், யாருடைய எடையும் ஒரு கிராம்கூட மாறாமல் தலைப்புச் செய்தி மாறும். அமெரிக்காவில் 1998 வரை அதிக எடைக்கான கோடு ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3. அதை இருபாலருக்கும் 25 என்று இறக்கியதும் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் முந்தின நாள் வரை இல்லாத பட்டத்துக்கு உள்ளானார்கள். எனவே இரண்டு ஆண்டுகளின் பருமன் சதவீதத்தை ஒப்பிடுவதற்கு முன், இரண்டிலும் கோடு ஒன்றுதானா, வயது வரம்பு ஒன்றுதானா என்று பார்த்துவிட வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வின் பிஎம்ஐ சதவீதங்கள் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களுடையவை. நீரிழிவு மிகுந்திருக்கும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் அந்த 40.4-இல் இல்லை. 2015–16 சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இந்த அளவு 30.9, 2019–21 சுற்றில் 40.4. ஆண்களுக்கு 28.2-லிருந்து 37.0. இவை ஒரே கோட்டில் அளந்தவை. ஆகவே இந்த ஏற்றம் மெய்யானது, அதை லேசாக எடுத்துக்கொள்வதற்கில்லை.

நமக்கு ஏன் கோடு கீழே இறங்கியது

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு விஞ்ஞானிகளின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யூட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடலில் கொழுப்பின் பங்கோ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு உடல்கள் இருக்கின்றன.

தெற்காசியக் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும்போதும் அதன் வயிற்றுக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. குறைவது பெரும்பாலும் தசை. வளர்ந்த பிறகு உபரி ஆற்றல் இடுப்பைச் சுற்றியும் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் சேர்கிறது. கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் முன்னே தள்ளி நிற்கும் உருவம் நம் ஊரில் யாருக்கும் புதிதல்ல. எடைக் கருவி அவரை ‘சரியான எடை’ என்று அனுப்பிவிடும். அவருடைய ரத்தச் சர்க்கரை வேறு கதை சொல்லும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023-ல் முடிவுகள் வெளியான ஐசிஎம்ஆர்–இந்தியாப் (INDIAB) என்ற நாடளாவிய நீரிழிவு ஆய்வில், பிஎம்ஐ அளவின்படி பருமன் உள்ளோர் 28.6 சதவீதம், இடுப்பளவின்படி 39.5 சதவீதம். எடையை மட்டும் பார்த்தால் எவ்வளவு பேர் கண்ணில் படாமல் போகிறார்கள் என்பதற்கு இந்த இடைவெளியே சாட்சி.

இடுப்பளவுக்கு நம் கோடு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. பேன்ட் அளவைச் சொன்னால் போதாது. பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கி நிற்கும். கடைசி விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் தறுவாயில் பார்க்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்தால் சில சென்டிமீட்டர் குறைந்துவிடும். சேலைக் கொசுவத்தின் மேல் அளந்தால் கூடிவிடும்.

எடைக்குக் கொள்கையில் மூன்று வேலைகள்

அ. கணக்கு. எங்கே, எந்த வயதில், எந்தத் திசையில் எடை நகர்கிறது என்று அறிவது. இதில் தனிநபர் பிழைகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும்.

ஆ. சல்லடை. ஆயிரம் பேரில் யாரை முதலில் கவனிப்பது என்று பிரிப்பது. இங்கே கோடு என்பது கையிலிருக்கும் பணம், படுக்கை, ஆள்பலம் ஆகியவற்றைப் பொறுத்து வைக்கும் வாசற்படி. இயற்கை வகுத்த எல்லை அல்ல.

இ. இலக்கு. ‘இத்தனை சதவீதம் குறைப்போம்’ என்று வாக்களிப்பது.

முதல் வேலைக்கு எடை அருமையான கருவி. இரண்டாவதற்கு, அடுத்தபடியாக ஒரு பரிசோதனையோ சேவையோ தயாராக இருந்தால் நல்ல கருவி. மூன்றாவதற்கு மோசமான கருவி என்பதே என் கருத்து. காரணங்கள் கீழே.

அங்கன்வாடித் தராசில் 200 கிராம்

ஐந்து வயதுக்குக் கீழே பிஎம்ஐ கோடுகள் செல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சித் தரங்கள்தான் அளவுகோல். அவற்றுக்காக அளந்த ஆறு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்: வயதுக்கேற்ற உயரம் இல்லாதது குன்றல், உயரத்துக்கேற்ற எடை இல்லாதது மெலிவு, வயதுக்கேற்ற எடை இல்லாதது எடைக்குறைவு. 2019–21 ஆய்வில் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் இவை முறையே 25.0, 14.6, 22.0 சதவீதம்.

ஒரு வயது நிரம்பிய பெண் குழந்தையின் நடுமதிப்பு எடை 8.9 கிலோ. எடைக்குறைவுக் கோடு 7.0 கிலோ. உண்மையில் 6.9 கிலோ உள்ள குழந்தையை ஸ்வெட்டரோடும் நனைந்த துணியோடும் தராசில் வைத்தால் 7.1 காட்டும். அந்த 200 கிராமில் குழந்தை ‘இயல்பு’ என்ற பத்திக்குப் போய்விடுகிறது. கருவி சமதளத்தில் இல்லாமல் பாயின் மேல் இருந்தாலும், தொங்கு தராசின் முள் காலித் தூளியோடு பூஜ்யத்தில் நிற்காவிட்டாலும் இதே கதைதான். உயரத்திலும் ஒரு கண்ணி உண்டு. இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்தும், அதற்கு மேல் நிற்கவைத்தும் அளக்க வேண்டும். நின்றால் படுத்த நீளத்தைவிட 0.7 செ.மீ. குறையும். மாற்றி அளந்து, திருத்தாமல் எழுதினால் மெலிவுக் கணக்கு பிசகும்.

பதிவேட்டில் 7.0, 7.5, 8.0 என்று முழுதாகவும் அரையாகவும் எடைகள் குவிந்திருந்தால், முள்ளைப் பார்க்காமல் எழுதியது என்று புரிந்துகொள்ளலாம். அது பணியாளரின் சோம்பல் என்று முடித்துவிடுவது அநியாயம். அளப்பவரும் அவரே, எண்ணிக்கை கூடினால் விளக்கம் சொல்ல வேண்டியவரும் அவரே. மெலிந்த குழந்தையைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டாமல் கேள்வி கேட்கும் முறை, உண்மையை மறைக்கக் கற்றுத்தருகிறது.

தமிழ்நாட்டிடம் இதைவிட நல்ல யோசனை ஒன்று முன்பே இருந்தது. 1980-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். குழந்தை கோட்டுக்குக் கீழே இருக்கிறதா என்பதைவிட, போன மாதத்திலிருந்து எடை ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. ஏறாத குழந்தைக்குத் துணை உணவும், தாய்க்கு ஆலோசனையும் கிடைத்தன. வளர்ச்சி மீண்டதும் உணவு நின்றது. நிலையைவிட மாற்றத்தைப் பார்த்தால் சிக்கல் சில மாதங்கள் முன்னதாகவே பிடிபடும். 9 கிலோவிலிருந்து 8.6-க்கு இறங்கிய குழந்தை கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது, ஆனால் அதற்கு ஏதோ நேர்ந்திருக்கிறது.

எடையை இலக்காக்கினால் என்ன ஆகும் என்பதும் இங்கேயே தெரிகிறது. குன்றிய குழந்தையின் எடை குறைவதற்குக் காரணம் உயரம் குறைவு. அதற்குப் பருப்பும் முட்டையும் பாலும் தொற்றில்லாத குடிநீரும் தராமல் மாவையும் சர்க்கரையையும் ஏற்றினால் தராசு மேலே போகும், பதிவேடு பச்சையாகும், உயரம் அப்படியே நிற்கும். உடலில் சேர்வது கொழுப்பு. நாற்பது வயதில் நீரிழிவுப் பிரிவில் வந்து நிற்கக்கூடியவரை நான்கு வயதில் ‘மீண்டவர்’ என்று எழுதியிருப்போம்.

காசநோயில் எடை உயிர் காக்கிறது

எடையின் சல்லடை வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2022-ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டத்தில்’, நோய் உறுதியான வயதுவந்தோரிடம் களப்பணியாளரே சில விஷயங்களை மட்டும் பார்க்கிறார்.

1. பிஎம்ஐ 14 அல்லது அதற்குக் கீழே உள்ளதா, அல்லது 16 வரை இருந்து இரு கால்களிலும் வீக்கம் உள்ளதா?
2. நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்குகிறதா, அல்லது ரத்த ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே உள்ளதா?
3. பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லையா?

ஒன்றில் சிக்கினாலும் அவர் மருத்துவமனையில் முழு மதிப்பீட்டுக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் அனுப்பப்பட வேண்டும். 165 செ.மீ. உயரமும் 38 கிலோ எடையும் உள்ளவருக்கு பிஎம்ஐ 13.96. எக்ஸ்ரேயோ ரத்தப் பரிசோதனையோ வருவதற்கு முன்பே, இவர் முதல் சில வாரங்களில் இறந்துவிடக்கூடும் என்று அந்த எண் சொல்லிவிடுகிறது. கோட்டின் மறுபுறம் படுக்கையும் உணவும் காத்திருப்பதால் அந்தக் கோட்டுக்குப் பொருள் இருக்கிறது. கால்வீக்கத்தைச் சேர்த்ததும் அனுபவம் பேசும் இடம்: உடலில் தேங்கும் நீர் எடையாகக் காட்டி, மெலிவை மறைத்துவிடும்.

மாத்திரை எண்ணிக்கையும் எடையைப் பொறுத்ததே. பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை, நாளுக்கு 25–34 கிலோவுக்கு 2, 35–49-க்கு 3, 50–64-க்கு 4, 65–75-க்கு 5. பழைய சீட்டிலிருந்து எடையைப் பார்த்து எழுதினால் மருந்து குறைவாகவோ கூடுதலாகவோ போகும்.

ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், நோயாளி வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. இரண்டு மாதத்தில் 5 சதவீத எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. காசநோயாளிகளுக்கு ஒன்றிய அரசு தரும் சத்துணவு உதவியான நிக்ஷய் போஷன் யோஜனாவின் மாதத் தொகை 2024 நவம்பரில் 500-லிருந்து 1,000 ரூபாய் ஆனதையும், பிஎம்ஐ 18.5-க்குக் கீழே உள்ளோருக்கு முதல் இரண்டு மாதம் கூடுதல் சத்துணவு சேர்ந்ததையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

பருத்த முனை: ஆளைத் திருத்துவதா, கடையைத் திருத்துவதா

ஜப்பான் 2008-ல் 40 முதல் 74 வயது வரை எல்லோருக்கும் இடுப்பளவுச் சோதனையைக் கொண்டுவந்தது. ஆண்களுக்கு 85 செ.மீ., பெண்களுக்கு 90 செ.மீ. கோட்டைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றையும் பார்த்து ஆலோசனை. ஏற்பாடு நேர்த்தியானது. ஆனால் 85-ஐச் சற்றே தாண்டிய ஆண்களையும் சற்றே தாண்டாதவர்களையும் ஒப்பிட்டு 2020-ல் வெளியான ஆய்வு, ஓராண்டில் குறைந்த எடை 0.29 கிலோதான் என்றும், ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் கெட்ட கொழுப்பிலும் மாற்றம் தெரியவில்லை என்றும் கண்டது. அறிவுரையால் மட்டும் எடை இறங்காது. வேலை நேரம், தூக்கம், கைக்கெட்டும் விலையில் கிடைக்கும் உணவு எதுவும் மாறவில்லையே.

கடை பக்கம் போன கொள்கைகள் வேறு மாதிரி. பிரிட்டனின் குளிர்பான வரி 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது: 100 மி.லி.க்கு 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை, 5 முதல் 8 வரை லிட்டருக்கு 18 பென்ஸ், அதற்கு மேல் 24 பென்ஸ். அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே இரண்டு ஆண்டு அவகாசம். வரி தொடங்கும் முன்பே உற்பத்தியாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். குடிப்பவர் எதையும் மாற்றாமலே அவர் உடலுக்குள் போகும் சர்க்கரை குறைந்தது.

இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்பூட்டிய காற்றேற்ற பானங்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பு 28 சதவீத வரியும் 12 சதவீத மேல்வரியும் சேர்ந்து அதே 40 இருந்தது. எண் பெரிதுதான், வடிவம் தவறு. சர்க்கரை 4 கிராமானாலும் 11 கிராமானாலும் வரி ஒன்றே என்றால், குறைத்து என்ன லாபம் என்றுதான் தயாரிப்பாளர் கேட்பார். 40-ஐக் கூட்டாமலேயே சர்க்கரை அளவின்படி அடுக்குகளாகப் பிரித்தால் பலன் கிடைக்கும். கேரளம் 2016-ல் பெயர்பெற்ற உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் வரி போட்டது. மறு ஆண்டே ஜிஎஸ்டி வந்து மாநிலங்களின் கையிலிருந்த அந்தக் கருவியைக் கொண்டுபோய்விட்டது. சிலி 2016 முதல், சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுகளின் உறையின் முன்புறம் கறுப்பு எண்கோண முத்திரை குத்தச் சொல்கிறது. படிக்கத் தெரியாதவரும் கடையில் நின்றபடி புரிந்துகொள்ளலாம்.

பருமனை ஒருவரின் ஒழுக்கக் குறையாகப் பேசுவது, கண்ணியக் குறைவு என்பதோடு சிகிச்சைக்கும் கேடு. வந்த முழங்கால் வலியையோ மூச்சிரைப்பையோ சோதிக்காமல் ‘முதலில் எடையைக் குறை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அடுத்த முறை சீக்கிரம் வரமாட்டார். 2025 ஜனவரியில் லான்செட் நிபுணர் குழு செய்த பிரிப்பு இதற்கு ஓரளவு மருந்து: பிஎம்ஐ சல்லடைக்கு மட்டும், இடுப்பளவாலோ கொழுப்பை நேரடியாக அளந்தோ உறுதிசெய்ய வேண்டும், அதன் பிறகு உறுப்புகளின் வேலை கெட்டிருந்தால் ‘நோயான பருமன்’, கெடாமல் இருந்தால் ‘நோய்க்கு முந்தைய பருமன்’. முன்னவருக்கு உடனடி சிகிச்சை, பின்னவருக்குக் கண்காணிப்பு.

ஒரு பெண், எல்லாக் கோடுகளும்

160 செ.மீ. உயரம், 66 கிலோ, இடுப்பு 92 செ.மீ., வயது 52, நீரிழிவு உண்டு என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிஎம்ஐ 25.8. வயது 49-ஐத் தாண்டியதால் 40.4 சதவீதக் கணக்கில் இவர் இல்லை. இந்திய மருத்துவ அறிக்கையின்படி பருமன் உள்ளவர். செமாக்ளூடைடின் எடைக்குறைப்பு வரம்பான 27-ஐ இவர் எட்டவில்லை. காப்பீட்டின் 35 எங்கோ இருக்கிறது. அதை எட்ட இன்னும் 23.6 கிலோ கூட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும்.

முப்பது வயதைத் தாண்டியவர்களுக்காகத் தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் வீடு வீடாக நிரப்பும் ஒரு படிவம் இருக்கிறது. அதில் எடைக்கு மதிப்பெண் இல்லை, இடுப்புக்கு உண்டு. பெண்களுக்கு 80 செ.மீ. வரை 0, 90 வரை 1, அதற்கு மேல் 2. வயது, புகையிலை, மது, உடலுழைப்பு, குடும்ப வரலாறு எல்லாம் சேர்த்து 4-ஐத் தாண்டினால் பரிசோதனைக்கு முன்னுரிமை. மேலே சொன்ன எட்டுக் கோடுகளில் பெரும்பாலானவை பிடிக்காத இந்தப் பெண்ணை, நீரிழிவு வருவதற்குப் பத்தாண்டு முன்பே பிடிக்க அந்த ஒரு வரி உதவியிருக்கும், நாடாவை எடுத்துச் சரியான இடத்தில் யாராவது சுற்றியிருந்தால்.